சர்க்கரை போடாத கிண்ணம்

ஆஸியா பீவிக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போன அன்றுதான் காரைக்காலில் கத்திரி வெயில் தொடங்கிற்று.

"தொண்டைக்குள்ள கட்டி. கத்தி வைக்கிற நிலையைத் தாண்டிடுச்சு" என்று ஆஸ்பத்திரி டாக்டர் அவள் புருஷன் நூகுவைத் தனியே அழைத்துச் சொன்னார். "தண்ணியா எதுவும் கொடுக்காதீங்க, மூச்சுக் குழல்ல போயிடும். கெட்டியாவும் வேணாம். வழுக்கிக்கிட்டு எறங்குற மாதிரி, குளிர்ச்சியா, மெத்துன்னு ஏதாச்சும் கொடுங்க. எறங்குற வரைக்கும் எறங்கட்டும்."

நூகு தலைகுனிந்து நின்றார். வழுக்கிக்கொண்டு இறங்குகிற, குளிர்ச்சியான, மெத்தென்ற பண்டத்தை அவரைப் போல ஆக்குகிறவர் அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. அவர் கையால் ஆக்கியதை ஆஸியா பீவி வாயில் வைக்கமாட்டாள் என்பதை அவரைவிட அறிந்தவரும் வேறு யாரும் இல்லை.

நூகு, முசே வீட்டில் சமையல் பார்க்கும் குசினிக்காரர். முசே என்று ஊர் அழைக்கும் அந்த வெள்ளைக்காரர் பிரெஞ்சுக் கோர்ட்டில் நீதிபதி. அவர் மனைவி மதாம் லூசியா இத்தாலிக்காரி. பனி விழும் மலையடிவாரத்தில் பிறந்து, கடலோர வெயிலில் வந்து மாட்டிக்கொண்டவள். சித்திரை பிறந்தால் அவளுக்குச் சாப்பாடு பிடிக்காது. தன் ஊர்ப் பண்டம் ஒன்றுதான் வேண்டும். பாலாடையைக் கொதி வராமல் காய்ச்சி, வனிலாக் காயைக் கீறிப் போட்டு, கண்ணாடித் தாள் போன்ற பசைத் தகட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து அதில் கரைத்து, கிண்ணங்களில் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். பன்னா கோத்தா என்பாள். தட்டில் கவிழ்த்தால் அது வெள்ளை வெளேரென்று உட்காரும். தட்டை அசைத்தால் தளதளவென்று ஆடும், ஆனால் உடையாது. அந்த ஆட்டத்தைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார் நூகு. புதுச்சேரியிலிருந்து வரும் துரைமார்கள் குசினி வாசல் வரை வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பசைத் தகடு எதில் செய்தது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதாமைக் கேட்டார். பன்றித் தோல் என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும், ஒளிக்கத் தெரியாத மனிதர், புதுப் பெண்டாட்டியிடம் அப்படியே சொல்லிவிட்டார்.

ஆஸியா பீவி சண்டை போடவில்லை. மறுநாள் கொல்லைப்புறக் கதவருகே ஒரு குடம் தண்ணீர் வைத்தாள். அவர் வேலை முடிந்து வந்தால் கை கழுவி, வாய் கொப்பளித்து, உடுப்பு மாற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அடுப்பங்கரை வாசலை மட்டும் ஒருநாளும் தாண்டக்கூடாது.

"நான் அதை நாக்குல வெச்சதே இல்ல புள்ள. கைதான் படுது. கழுவினா போச்சு" என்றார் ஒருமுறை.

"ருசி பாக்காத குசினிக்காரனை எவ வேலைக்கு வெச்சுப்பா?" என்றாள் அவள்.

அவரிடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் நடப்பதை இந்த வீட்டில் வந்து சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? வாயை மூடிக்கொண்டார். அந்த மௌனத்தையே அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

அதற்காக அவள் அன்பில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குப் பிடித்ததை ஆக்கிப் போட்டாள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் கண்விழித்துக் கிடந்தாள். ஒவ்வொரு தொழுகையிலும் அவருடைய அந்த ஒரு பாவத்தை மன்னிக்கச் சொல்லித் துஆ கேட்டாள். ஆனால் அவர் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டதில்லை. பிள்ளைகளும் பிறக்கவில்லை. ஊரே மெச்சிய அந்தக் கைக்குத் தன் வீட்டு அகப்பையைத் தொட உரிமையில்லாமல் காலம் ஓடிவிட்டது.

இப்போது அவள் கட்டிலில் குச்சியாகக் கிடந்தாள்.

அவள் தங்கை சஃபியா நோன்பு நாளில் செய்வதுபோல் கடல்பாசியைக் காய்ச்சி உறையவைத்துக் கொண்டுவந்தாள். பாசி கொஞ்சம் கூடிவிட்டது. துண்டு தொண்டையில் சிக்கி, ஆஸியா பீவி கண் பிதுங்கி, மூச்சுத் திணறி, கடைசியில் துப்பினாள்.

சஃபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "லாத்தா, மச்சான் ஆக்கட்டும். அவங்க பதம் யாருக்கும் வராது. இந்த நேரத்துல என்ன வீம்பு உனக்கு?"

ஆஸியா பீவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நூகு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். "மதாம் வீட்டுச் சாமான் எதுவும் கொண்டாரல புள்ள. அந்தத் தகடும் வேணாம். உன் சட்டி, உன் கிண்ணம், நம்ம கடல்பாசி. நான் மூணு தடவை கை கழுவிட்டு வர்றேன். சஃபியா பக்கத்துலயே நின்னு பாக்கட்டும்."

சுவரைப் பார்த்தபடியே, காற்றுப் போன குரலில் அவள் சொன்னாள்:

"பசிக்குதுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. அந்த ஒற்றை வார்த்தையைக் கேட்டு நூகு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

கடல்பாசியை அதிகம் போட்டால் கட்டியாகும். கட்டியானால் அவள் தொண்டை தாங்காது. குறைத்துப் போட்டால் அந்த வெயிலில் உறையாது. ஐஸ் வேண்டும். முசே வீட்டில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்பெட்டி உண்டு. ஆனால் அந்த வருஷம் பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போவானா மாட்டானா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. எல்லையைச் சுற்றி இந்தியச் சாவடிகள். மண்ணெண்ணெய் வரத்து நின்று, குளிர்பெட்டி வெறும் அலமாரியாகி விட்டது. நாகப்பட்டினத்துக்குத்தான் போகவேண்டும்.

விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். மீன் வியாபாரிகளிடம் ஒரு பாளம் ஐஸ் வாங்கி, மரத்தூளில் புதைத்து, கோணியில் சுற்றிக் கட்டிக்கொண்டு மிதித்தார். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. நாகூரைக் கடக்கையில் வெயில் ஏறிவிட்டது. எல்லைச் சாவடியில் நீண்ட வரிசை. கோணியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார் நூகு. ஒவ்வொரு சொட்டும் அவள் உயிரிலிருந்து வடிவதுபோல் இருந்தது.

சாவடி அதிகாரி தெட்சிணாமூர்த்தி பிரம்பால் கோணியைத் தட்டினார். "என்ன பாய் மூட்டை?"

"ஐஸ்ங்க."

"ஐஸுக்குள்ள?"

"ஐஸுக்குள்ளயும் ஐஸ்தாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "மரத்தூளை முழுக்கக் கொட்டு. போன வாரம் இப்படித்தான் ஒருத்தன் மண்ணெண்ணெய் டின்னைப் புதைச்சுக் கொண்டுபோனான்."

"கொட்டினா உருகிப் போயிடுங்க. பொண்டாட்டிக்குத் தொண்டைல கட்டி. வேற எதுவும் எறங்க மாட்டேங்குது..." நூகு கைகூப்பிக்கொண்டு நின்றார்.

தெட்சிணாமூர்த்தி பிரம்பை இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். ஈரமான நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போங்க. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? மிதிங்க பாய்!" என்று அதட்டினார். பட்டினச்சேரித் திருப்பத்தில் சைக்கிள் சங்கிலி கழன்றபோது, அந்த அதட்டலே முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் நூகுவின் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பிரித்தபோது பாளம் ஒரு செங்கல் அளவுக்கு இளைத்திருந்தது. போதும்.

அன்று முதன்முதலாகத் தன் வீட்டு அடுப்பங்கரைக்குள் நூகு காலெடுத்து வைத்தார். எந்த மாடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விருந்தாளிபோல விழித்தார். சஃபியா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இரண்டு இழை கடல்பாசியை ஊறவைத்து, கரையக் காய்ச்சி, மல்துணியில் வடிகட்டினார். எருமைப்பாலில் எடுத்த ஆடையைத் தனியே சூடாக்கி, ஓரத்தில் நுரை கூடும் முன் இறக்கி, இரண்டையும் கலந்தார். பிஸ்மி சொல்லி அவளுடைய பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி, ஐஸ் தூளுக்கு நடுவில் இறக்கி வைத்துவிட்டு, குழந்தை தூங்கும் தொட்டில் அருகே உட்காருவதுபோல் உட்கார்ந்தார்.

உறைந்தது. கிண்ணத்தை விரலால் தட்டினார். தளதளவென்று ஆடிற்று. இத்தனை காலத்தில் இப்படி ஒரு பதம் மதாம் வீட்டில்கூட வந்ததில்லை.

சஃபியா அக்காளைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டாள். நூகு ஒரு கரண்டி எடுத்து அவள் உதட்டருகே கொண்டுபோனார். ஆஸியா பீவி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

இறங்கிவிட்டது! இருமல் இல்லை, திணறல் இல்லை. வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. சஃபியா "அல்ஹம்துலில்லாஹ்" என்று விம்மினாள்.

ஆஸியா பீவி கண்ணைத் திறந்தாள். நெற்றி சுருங்கியது.

"சக்கர போடலியா?"

நூகு திகைத்துப் போனார். கிண்ணத்தைப் பார்த்தார், சஃபியாவைப் பார்த்தார். "ஐயோ... சக்கரையா? அதை மதாம்தான் போடுவா புள்ள. அவளே போட்டு, அவளே நாக்குல வெச்சுப் பாத்து, போதும்னு சொல்லுவா. என் கைக்கு அந்தப் பழக்கமே இல்ல. மறந்தே போயிட்டேன்."

"இறக்குறதுக்கு முன்னாடி நீங்க ருசி பாக்கலியா?"

"நான் எப்பவும் பாக்குறதில்லியே."

சொன்னவருக்கு அதன் பொருள் உடனே உறைக்கவில்லை. கேட்டவளுக்கு உறைத்தது. அவள் அவரையே பார்த்தாள். சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல், ஊரே புகழும் ஒரு குசினிக்காரர், சாகக் கிடக்கும் பெண்டாட்டிக்கு முதல்முதலாக ஆக்கிய பண்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஒரு தடவையாவது நாக்கில் வைத்துப் பழகியவர் இப்படிச் செய்வாரா? பார்த்துப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இத்தனை வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டு சமைத்திருக்கிறார்!

"நீங்க சொன்னீங்க" என்றாள் ஆஸியா பீவி. "அன்னிக்கே சொன்னீங்க."

"விடு புள்ள."

"நான்தான் நம்பல." அவள் எலும்புக் கை அவருடைய ஈரக் கையைத் தேடிப் பிடித்தது. "கொல்லைக் கதவுல தண்ணிக் குடத்த வெச்சேன்... உங்க கைய ஒரு நாளும்..." அழுவதற்குக்கூட அந்தத் தொண்டை இடம் கொடுக்கவில்லை. கண்ணீர் மட்டும் காதோரம் வழிந்தது.

"சக்கர போட்டு வேற ஆக்கிக் கொண்டாரேன்" என்று எழுந்தார் நூகு.

"வேணாங்க. இதையே தாங்க." கிண்ணம் காலியாகும் வரை அவள் வாயை மூடவில்லை.

அதன்பிறகு சில நாட்கள் அந்த வீட்டில் ஒரு புதுமாப்பிள்ளைக் களை வந்தது. நூகு விடியலில் சைக்கிளை எடுப்பார். சாவடியில் தெட்சிணாமூர்த்தி தூரத்திலேயே அடையாளம் கண்டு வழிவிடச் சொல்லுவார். ஒருநாள் பனைவெல்லப் பாகு, ஒருநாள் ரோஜாத் தண்ணீர், ஒருநாள் இளநீர் வழுக்கை. ஆஸியா பீவி கரண்டியைப் பார்த்ததும் வாயைத் திறப்பாள். "மதாமுக்குக்கூட இவ்ளோ கவனமா ஆக்கியிருக்க மாட்டீங்க" என்று கேலி பேசுவாள். பேசிவிட்டு மூச்சு வாங்குவாள்.

பிறகு அதுவும் இறங்கவில்லை. நாக்கிலேயே உருகி, கடைவாய் வழியாக வெளியே வந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நூகு அவளைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தார்.

"மீன் ஆணம் ஆக்குங்க" என்றாள் அவள்.

"உனக்கு எறங்காதே புள்ள."

"எனக்கு எறங்க வேணாம். நீங்க ஆக்குங்க. நான் பாக்கணும்."

சஃபியாவும் அவரும் கட்டிலைத் தூக்கி அடுப்பங்கரை வாசலில் போட்டார்கள். ஆஸியா பீவி தலையணையில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். புளியைக் கரைக்கிற கை, தேங்காயை அரைக்கிற கை, மஞ்சள் பூசிய மீனை உடையாமல் சட்டியில் விடுகிற கை. எப்படிப்பட்ட கை! வாசனை எழுந்தபோது அவள் மூக்கு விடைத்தது.

அகப்பையில் ஒரு துளி குழம்பு எடுத்து நூகு அவள் நாக்கில் விட்டார். அவள் அதை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். விழுங்க முயலவில்லை. பிறகு சஃபியா நீட்டிய கிண்ணத்தில் துப்பிவிட்டு, "இத்தனை ருசியா?" என்றாள்.

சோறு போட்டு, ஆணம் ஊற்றி, தன் கண்ணெதிரே அவரைச் சாப்பிடச் சொன்னாள். அவர் மறுத்தார். அவள் விடவில்லை. "மிச்சம் வைக்காதீங்க. என் பங்கையும் சேத்துச் சாப்பிடுங்க."

கட்டிலுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து நூகு சாப்பிட்டார். கண்ணீர் சோற்றில் விழுந்தது. அவர் ஒவ்வொரு கவளமாக வாயில் வைக்க வைக்க, அவள் தொண்டையும் தானே விழுங்குவதுபோல ஏறி இறங்கிற்று. அதைப் பார்த்து, அவளுக்குக் கொடுப்பதாகவே நினைத்துக்கொண்டு, அவர் நிறுத்தாமல் சாப்பிட்டார்.

தட்டை வழித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் கண்கள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தன. தொண்டை மட்டும் அசையவில்லை.

"லாத்தா!" என்று அலறினாள் சஃபியா.

நூகு எழுந்திருக்கவில்லை. ஆணம் ஒட்டிய கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைக் கழுவ அவருக்கு மனம் வரவில்லை.