நாற்பதாயிரம் பெட்டைகளுக்கு நடுவே ஒரு சேவல்

எந்த ஊரில் படுத்து எழுந்தாலும், விடியற்காலையில் சேவல் கூவினால் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன். ராய்ப்பூர் பக்கம் சாலையோர ஓட்டலின் கயிற்றுக்கட்டிலில் கேட்டிருக்கிறேன். நாக்பூரில் செங்கல் சூளைக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன். கூவி முடிக்கும் இடத்தில் குரல் லேசாக உடைகிறதா என்று பார்ப்பேன். உடையாது. சேவல்களுக்கு அது வராது. என் மாமாவுக்குத்தான் வரும்.

நான் வளர்ந்தது ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில். அப்பா கூண்டுக் கோழிகளுக்குத் தீனி போடுவார். அம்மா முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவாள். பண்ணை வேலிக்கு உள்ளேயே, பின்பக்கம், தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். கொட்டகைகளில் நாற்பதாயிரம் கோழிகள் இருப்பதாகச் சொல்வார்கள். அத்தனையும் பெட்டை. முட்டையிடச் சேவல் வேண்டியதில்லை. அதனால் அங்கே பிறந்த பிள்ளைகள் யாரும் சேவல் கூவிக் கேட்டதில்லை.

பண்ணைக்கு ஒரு சட்டம் இருந்தது. அங்கே வேலை செய்பவர்கள் வீட்டில் ஒற்றைக் கோழிகூட வளர்க்கக் கூடாது. வெளியில் மேய்கிற நாட்டுக்கோழி எந்த நோயை எங்கிருந்து கொண்டுவரும் என்று யாருக்கும் தெரியாது. வாசலில் ஒரு தொட்டி கட்டி மருந்துத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். லாரி அதில் டயரை நனைத்துவிட்டு உள்ளே வர வேண்டும், மனிதர்கள் காலை நனைக்க வேண்டும். முதலாளியும் இதற்கு விலக்கல்ல. உறவுக்காரர் வீட்டு விருந்தில் நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தால், தோட்டத்துக் குழாயில் குளித்து வேட்டி மாற்றிக்கொண்டுதான் கொட்டகைப் பக்கம் போவார். ஊருக்கெல்லாம் முட்டை அனுப்பும் அந்த இடத்தில், ஆசைக்கு ஒரு கோழியைத் தூக்கிக் கொஞ்சக் கூட யாருக்கும் வழியில்லை.

மாமா, அம்மாவின் தம்பி. அந்தப் பண்ணையிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டினார். லாரி ஹாரன், ரயில், குழந்தை அழுகை, முதலாளியின் இருமல் எல்லாம் அவர் வாயில் வரும். லோடு ஏற்ற வருகிற நாட்களில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூவித்தான் என்னை எழுப்புவார்.

"இத்தனை கோழி இருந்தும் உங்களை எழுப்ப ஒரு நாதியில்லையே சாமி" என்பார்.

ஒரு வருடம் கேரளாவில் பறவைக்காய்ச்சல் என்று எல்லையை மூடிவிட்டார்கள். முட்டை லாரிகள் வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாமல் வரிசையாக நின்றன. மாமாவின் வண்டியும் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது. அவருடைய செல்போனில் பேட்டரி தீர்ந்துபோனது எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் வந்து, பாலக்காட்டு ரோட்டில் முட்டை வண்டி ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா முற்றத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, தம்பி முழுசாக வந்து சேர்ந்தால் முனியப்பனுக்குச் சேவல் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள்.

மாமா முழுசாகத்தான் வந்தார். லோடுதான் நாறிப்போயிருந்தது. கேரளாவுக்குப் போக வேண்டியவை எல்லாம் பண்ணையிலேயே மலையாகக் குவிந்தன. காலையில் முட்டை, மத்தியானம் முட்டை, ராத்திரி முட்டை. முதலாளியின் இருமல் நின்றுவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. பக்கத்தில் இரண்டு மூன்று பண்ணைகளை மூடினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் சட்டிபானையோடு குமாரபாளையத்துக்குத் தறி ஓட்டப் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவையெல்லாம் பெரிதாகப் படவில்லை. வண்டி ஓடாததால் மாமா எங்கள் வீட்டிலேயே இருந்தார். அதைவிட நல்ல காலம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

வேண்டுதலில்தான் சிக்கல். முனியப்பனுக்கு நேர்ந்த சேவல் நம் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்திருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. சந்தையில் வாங்கி அன்றைக்கே அறுத்தால் சாமி ஏற்காதாம்.

"வேலை போயிரும் புள்ள" என்றார் அப்பா.

"என்ற தம்பி உசுரு வந்துச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். எல்லை திறந்து லோடு ஓடத் தொடங்கிய பிறகு, மாமா ஆட்டையாம்பட்டியில் ஒரு இளஞ்சேவலை வாங்கி, லாரி கேபினில் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். டயர் மருந்துத் தண்ணீரில் முறையாக நனைந்தது. சேவல் நனையவில்லை.

அதைக் கூவாமல் வைத்திருக்கவும் அவர்தான் வழி சொன்னார். "கழுத்தை நிமுத்துனாத்தான் அக்கா அதுக்குக் கூவ வரும். நிமுத்த உடாத." தலைக்கு மேல் தட்டுகிற மாதிரி தணிவான ஒரு பலகைப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். சேவல் அதற்குள் குனிந்தபடியே எங்கள் சோற்றைத் தின்று வளர்ந்தது. நான் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அதன் ஒற்றைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் என்னைப் பார்க்கும்.

கேரளாவை மட்டும் நம்பினால் ஆகாது என்று முதலாளி வளைகுடா நாட்டுக்கு முட்டை அனுப்ப எழுதிப் போட்டிருந்தார். பண்ணையைப் பார்த்து அனுமதி கொடுக்க ஒரு நாள் காலை அதிகாரிகள் வந்தார்கள். வெள்ளைக் கோட்டு, தலையில் வலைக் குல்லா, காலில் நெகிழி உறை. அனுமதி கிடைத்தால் கப்பலுக்கு முட்டை போகும், கிடைக்காவிட்டால் இங்கேயும் ஒரு கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று அப்பா முந்தின நாளே சொல்லியிருந்தார். மாமா லோடு ஏற்றுவதற்காக வந்து லாரியோரம் நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

வீட்டுக்குள் அம்மா, சேவலுக்குத் தண்ணீர் காட்டலாமென்று பெட்டியின் மூடியைத் தூக்கியிருக்கிறாள். அது பல நாள் குனிந்த கழுத்தை ஒரே நிமிர்த்தாக நிமிர்த்தி, கூவியது.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "சேவல் சத்தம் கேட்டுச்சே?"

முதலாளியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எனக்குத் தோன்றியது வேறு. சேவல் என்றால் இவ்வளவுதானா, மாமா அளவுக்குக் கூவவில்லையே என்று நினைத்தேன்.

"என்ற செல்லுங்க" என்று மாமா முன்னால் வந்தார். "ரிங்டோனுங்க."

"எங்க, அடிக்கச் சொல்லுங்க."

முதலாளியே தன் போனிலிருந்து அழைத்தார். மாமாவின் சட்டைப் பையில் மாரியம்மன் பாட்டு ஒலித்தது.

மாமா தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கோணுங்க. வெக்கப்பட்டுட்டுப் பொய் சொல்லிப்போட்டேன். நாந்தானுங்க கூவுனேன். அக்கா புள்ளைக்கு வெளையாட்டுக் காட்டறதுக்குங்க."

"நீங்களா?"

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கையை இடுப்பில் இறக்கை மாதிரி ஒடுக்கி, குதிகாலை எக்கி, கழுத்தை நீட்டிக் கூவினார். கடைசியில் அந்த உடைசல். கொட்டகைகளில் எப்போதும் கேட்கிற கொக்கரிப்பு சட்டென்று அடங்கியது. பிறந்ததிலிருந்து ஒரு சேவலையும் அறியாத நாற்பதாயிரம் பெட்டைகள் ஒரு மூச்சு நேரம் காது கொடுத்தன. பிறகு தகரமே அதிரும்படி ஒரே கூச்சல். அதிகாரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே எங்கள் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு கூவல் கிளம்பிப் பாதியில் நெரிபட்டது. மாமா உடனே அதன் மேலேயே இன்னொரு முறை கூவினார். அதிகாரிகள் கை தட்டினார்கள்.

முதலாளி சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிகளின் கார் வாசலைத் தாண்டியதும் அவர் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததில்லை. அம்மா சேவலை மார்போடு அணைத்தபடி எழுந்தாள்.

"ஒரு பண்ணையில நோய் வந்து கோழி விழுந்துச்சுன்னா இந்த வட்டாரத்துல எவன் ஊட்லயும் அடுப்பெரியாது" என்றார் முதலாளி. சத்தம் போடவில்லை. "போன வருசம் கண்ணுல பாத்தீங்கல்ல?"

"அக்காவுக்கும் மச்சானுக்கும் ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் மாமா. "நாந்தான் கொண்டாந்து ஒளிச்சு வெச்சேன்."

அம்மா வாயைத் திறந்தாள். மாமா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அப்பா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே கால்நடை மருத்துவர் வந்து சேவலிடமும் சில கோழிகளிடமும் இரத்தம் எடுத்துப் போனார். நோய் எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. கப்பலுக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் மாமா அன்று மத்தியானமே கிளம்பினார். அதற்கு முன் முதலாளி அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

சேவலைப் பைக்குள் வைத்துத் தலை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு மாமா பண்ணை வாசலுக்கு வந்தபோது, தொட்டியில் இறங்கி இரண்டு காலையும் நன்றாக நனைத்துக்கொண்டார்.

"உள்ள வாரவங்கதான மாமா நனைக்கோணும்?"

"வெளிய போறவனுக்கும் வேணுமில்ல சாமி?" என்றார். "முனியப்பனுக்குக் குடுத்துட்டு வாரேன்."

முனியப்பனுக்குக் கொடுத்தாரா என்று தெரியாது. கேபினில் நாட்டுச்சேவல் ஏற்றிய டிரைவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் எல்லாப் பண்ணைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் அவரிடம் முட்டை லோடு கொடுக்கவில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஏறி வடக்கே போனார். சத்தீஸ்கரிலிருந்து பேசுவார், மத்தியப் பிரதேசத்திலிருந்து பேசுவார். போனிலேயே எனக்காக ஒரு தடவை கூவிவிட்டு வைப்பார். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லத் தொடங்கியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ரிக் வண்டியில் ஏறியபோது, சம்பாதிக்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். போகிற ஊரிலெல்லாம் சங்ககிரி, திருச்செங்கோட்டு வண்டிகளைப் பார்த்தால் நிறுத்தி விசாரிப்பேன். இன்னும் விசாரிக்கிறேன்.

இத்தனை ஊரில் வேலை பார்த்ததில் எனக்கும் சில தடவை நாற்காலி போட்டிருக்கிறார்கள். நின்றுகொண்டே வேலை வாங்கிய மேஸ்திரி திடீரென்று உட்காரச் சொல்லி டீ வரவழைத்தால், நான் டீயைக் குடித்துவிட்டுத் துணிமணியை எடுத்து வைக்கப் போய்விடுவேன். மீதிப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

மாமா கிளம்பிய அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. லோடு மேடையில் குந்தி உட்கார்ந்தே பழக்கப்பட்ட மாமாவுக்கு, முதலாளி தன் வீட்டு வராந்தாவில், தன் நாற்காலிக்கு எதிரே, இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். முதலாளியம்மா வெள்ளி டம்ளரில் காபியும் தட்டில் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்கள். முதலாளி தணிந்த குரலில் என்னவோ சொன்னார். மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முறுக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிக்கொண்டு, கூவியதற்கு மாமாவுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் நெருப்பு இல்லை.

"அம்மா, மொதலாளி ஊட்ல மாமாவுக்கு நாற்காலி போட்டிருக்காங்க!"

அவள் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.