மலையைச் சுற்றும்போது என் மகள் பேசினாள்

என் மகள் கலா சிரிப்பை நிறுத்தியது ஓர் ஆடி மாதம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை எங்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு ரேடியோவே தேவைப்படவில்லை. கீரைக்காரம்மா, தலைமையாசிரியை, தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு, எல்லாமே அவள் குரலில் வரும். பம்மலில் இருக்கும் என் நாத்தனார் சரோஜா மாதிரி பேசிக் காட்டினால், சொந்தத் தங்கை என்றும் பார்க்காமல் என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அது நின்றுபோனது. பள்ளியிலிருந்து வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தலை வார மாட்டாள். உயிரான வத்தக்குழம்பைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். மதிப்பெண் சரிந்தது. சிநேகிதி வாசலில் நின்று கூப்பிட்டால், "நான் இல்லேன்னு சொல்லிடும்மா" என்பாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது இரண்டும் இல்லை. இன்ன இடத்தில் வலிக்கிறது என்று தொட்டுக் காட்ட முடியாத நோவு.

திருஷ்டி சுற்றிப் போட்டோம். தாயத்து கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. சரோஜா வந்து பார்த்தாள்.

"இன்னா அண்ணி, வயசுப் பொண்ணு மூஞ்சியத் தூக்கி வச்சுகினு கீது? காலாகாலத்துல ஒருத்தன் கையில புடிச்சுக் குடு. எல்லாம் சரியாப் பூடும்."

"பதினாறு வயசுதானே ஆகுது சரோஜா."

"எனக்குப் பதினேழுல ஆச்சு. நான் நல்லா இல்ல?"

"நீ நல்லாத்தான் இருக்க. மாப்பிள்ளையத்தான் கேக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சிங்கப்பெருமாள் கோவில் மலையில் ஒரு மரம் உண்டு. கல்யாணம் கூடி வர அதில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். சரோஜா கயிற்றையே வாங்கி என் கையில் கொடுத்துவிட்டாள். அவள் மனசு தங்கம். யோசனைதான் பித்தளை.

நானும் கலாவும் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி மாறிப் போனோம். அங்கே அர்ச்சகர் நரசிம்மரின் திருமண்ணைச் சற்று விலக்கி, நெற்றிக்கண்ணை ஆரத்தி வெளிச்சத்தில் காட்டுவார். அந்தக் கண்ணைப் பார்த்ததும், வரும் வழியெல்லாம் மனதில் கோத்து வைத்திருந்த வேண்டுதல் எல்லாம் மறந்துவிட்டது. "பெருமாளே, மறைந்திருக்கும் கண்ணை எனக்குக் காட்டினாய். என் பிள்ளை மனதில் மறைந்திருப்பதையும் காட்டு. அவள் வாயைத் திற." அவ்வளவுதான் கேட்டேன்.

அவர் மலையிலேயே குடையப்பட்டவர். அவரைச் சுற்றி வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். என்னுடையது எப்போதும் ரயிலைப் பிடிக்கிற நடை. கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் கலாவைக் காணோம். பதறி ஓடினேன். ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். எழுப்பி, அவள் நடைக்கு என் நடையைக் குறைத்துக்கொண்டேன். மரம் வந்தது. கயிற்றை எடுத்தேன்.

"கல்யாணத்துக்கா வேண்டிக்கிற? அதுவரைக்கும் நான் இருப்பேனான்னே தெரியலம்மா."

கயிற்றை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டேன். பிறகு கேட்டேன். "செத்துப் போகணும்னு தோணுதா கண்ணு?"

"தோணுது. ஏன்னு கேக்காத, எனக்கே தெரியல. காலைல முழிச்சாலே, ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. நீ அழுவேன்னுதான் சொல்லல."

"அழுதா என்ன? அழுதுகிட்டே நடக்கிறேன். நீ சொல்லு."

சொன்னாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பாதையைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். ஒரு சுற்று முடிந்தும் பேச்சு முடியவில்லை. மறுபடியும் சுற்றினோம். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே கொடுத்துவிட்டார் பெருமாள்.

மறுநாளே தாம்பரத்தில் எங்கள் லேடி டாக்டரிடம் போனோம். அவர் மனநல டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்.

"பைத்தியத்துக்குப் பாக்கிற டாக்டரா? வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றார் வீட்டுக்காரர்.

"பூசணிக்காயைச் சோத்துல மறைச்சது போதும்" என்றேன். மனுஷர் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார்.

அந்த டாக்டர் கலாவிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு எங்களை அழைத்தார். "இது மனச்சோர்வும்மா. சோம்பேறித்தனமில்ல, திமிரில்ல, பேயும் இல்ல. குணமாகிற நோய்தான்."

"கோவில் தீர்த்தம் குடுக்கிறேன் சார். மாத்திரையோட ஒத்துக்குமா?"

"தாராளமா. தீர்த்தத்துலயே மாத்திரையை முழுங்கச் சொல்லுங்க."

கலாவின் உதடு லேசாக வளைந்ததை நான் பார்த்தேன்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது அம்மிக்கு மட்டும் சொன்னதில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தவில்லை. தனியாக விடாதீர்கள் என்று அவர் சொன்னதால் அவள் பக்கத்திலேயே படுத்தேன். மதிப்பெண் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம் ரயில்வே லைன் ஓரமாக இருவரும் நடப்போம். பேசினால் கேட்பேன், பேசாவிட்டால் சும்மா நடப்பேன். எனக்குச் சும்மா இருப்பதுதான் பெரிய விரதம் என்று பஜனையில் என்னைப் பார்க்கும் உங்களுக்கே தெரியும். சில நாள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்று தலையை மட்டும் வாரிவிடுவேன். அது போதும் என்றிருந்தோம்.

அடுத்த வருஷ நவராத்திரிக்குச் சரோஜா வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா அண்ணி, சுண்டல்ல உப்பு கம்மியா கீது?"

சரோஜா திகைத்துப் பார்த்தாள். "நான் வாயே தொறக்கலியே?"

கலா எட்டிப் பார்த்தாள்.

"அடிப்பாவி, நான் இப்டியாடி பேசறேன்?"

"அச்சு அசல் நீதான்" என்றார் என் வீட்டுக்காரர். சரோஜா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் விளக்கு முன்னால் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. நன்றி மட்டும் சொன்னேன்.

இன்று கலா ஒரு பள்ளியில் டீச்சர். அந்த மஞ்சள் கயிறு எங்கள் வீட்டு மல்லிக்கொடியைப் பந்தலோடு கட்டப் பயன்பட்டது.

சனிக்கிழமை பஜனைக்கு வரும் என் அக்கா தங்கைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், திமிர் என்று விட்டுவிடாதீர்கள். கேளுங்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பெருமாளை நம்புங்கள். அவர் என் மகள் வாயையும் திறந்தார், என் காதையும் திறந்தார்.

நரசிம்மருக்குரிய சுவாதி நட்சத்திரத்தன்று இப்போதும் மலை சுற்றப் போகிறோம். எனக்கு முட்டி வலி. அவள் நடைதான் வேகம். கொஞ்ச தூரம் முன்னால் போனவள் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

"மெதுவா வாம்மா. பேசிக்கிட்டே போலாம்."