பதினொரு சோடி செருப்பு

எனக்குப் பயம் வந்தால் சாப்பாடு இறங்காது. போன மாரிக் குளிரில் மூன்று நாள் இறங்கவில்லை. என் மகள் சுகந்தி டொக்டருக்குப் போன் பண்ணப் போனாள். வருத்தம் எனக்கில்லை, நஸ்ரினுக்கு வந்த கடிதத்தில்தான் என்று சொல்லி அவளை நிறுத்தினேன்.

நஸ்ரின் இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் அடைக்கலம் கேட்டிருந்த ஈரான் பிள்ளை. கிங்ஸ்பரியில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் சபையின் பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே வந்தவள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அப்படியும் என் பக்கத்தில்தான் வந்து இருப்பாள். பிரசங்கத்தில் நான் தூங்கினால் முழங்கையால் இடிப்பாள். என் பேரப்பிள்ளைகளைப் பார்த்து என்னை அம்மம்மா என்று கூப்பிடவும் பழகிவிட்டாள்.

அவள் உண்மையான கிறிஸ்தவள் என்று நம்ப முடியாது, ஊருக்குத் திரும்பலாம் என்று குடிவரவு அலுவலகத்தின் அந்தக் கடிதம் சொன்னது. நேர்காணலில் பன்னிரண்டு சீஷர்களின் பெயர் கேட்டார்களாம். தடுமாறிவிட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா? ஏழாவது ஆளோடு என் நினைவு அடுப்பில் வைத்த குழம்புக்குப் போய்விடும்.

திரும்பினால் சிறைதான். அவளுடைய அண்ணன் பஹ்ராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான். அவர்களுடைய மொழியில் ஆராதனை நடத்திய கோவில்களை அந்த அரசாங்கம் பூட்டிவிட்டது. அதனால் ஒன்பது பேர் ஒரு வீட்டில் கூடி, சத்தம் வெளியே போகாமல் வாயசைத்துப் பாடினார்கள். ஒருநாள் அரசாங்க ஆட்கள் வந்து வேதாகமங்களையும் போன்களையும் அள்ளினார்கள். நாட்டுக்கு எதிராகச் சதி செய்தான் என்று பஹ்ராமைக் கொண்டுபோனார்கள். நஸ்ரினைத் தன் சமையல் குசினிக்குள் ஒளித்துக் காப்பாற்றியவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா. அந்த அம்மாவுக்காகவும் நான் தினம் ஜெபிக்கிறேன்.

அப்பீல் போட்டார்கள். போதகர் கடிதம் கொடுத்தார். ஆனால் அவளை வாராவாரம் கண்ட ஒருவர் நேரில் வந்து பேச வேண்டும் என்றார் வக்கீல். சபையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் போய்வாறன் சொன்னவள். சுகந்தி ஒரு பக்கம் எழுதித் தந்து பாடமாக்கச் சொன்னாள்.

"ஆண்டவரே, எனக்கு வாய் தந்தவர் நீர். இவ்வளவு நாளும் அதை ஊர்வம்புக்குத்தான் பாவித்தேன். இந்த ஒருமுறை உமக்குப் பாவிக்க உதவும்" என்று ஜெபித்தேன்.

கோர்ட்டில் போய் இருந்ததும் பாடமாக்கியது முழுதும் மறந்துவிட்டது. முதல் சொல்கூட வரவில்லை. என் மறதியால் இந்தப் பிள்ளை சிறைக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். அரசாங்க வக்கீல் கேட்டதை, மொழிபெயர்க்க வந்த இந்தியத் தமிழ்த் தம்பி எனக்குச் சொன்னார்.

"அம்மா, விசாவுக்காகத்தான் அவங்க சர்ச்சுக்கு வர்றாங்கன்னு சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

"தம்பி, எங்கடை பிரசங்கம் ஒண்டரை மணித்தியாலம். ஒரு சொல்லும் விளங்காமல் அதுக்கு ஆர் வாராவாரம் வந்து இருப்பினம்? எனக்கு விளங்கியே நித்திரை வருது!"

நீதிபதி வாயைக் கையால் மூடிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் செருப்புகள் நினைவுக்கு வந்தன. சத்தியமாக நான் தேடி எடுக்கவில்லை. ஆண்டவர்தான் எடுத்துத் தந்தார்.

அது எங்கள் வீட்டில் நடந்த ஒரு சனிக்கிழமை ஜெபக்கூட்டம். எங்கள் வழக்கப்படி எல்லோரும் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து கதவைத் திறந்தால் வாசல் வெறுமை.

"அம்மா, என்ரை புதுச் செருப்பு!" என்று சுகந்தி கத்தினாள்.

"ஒண்டு போனால் நாயெண்டு சொல்லலாம். பதினொரு சோடியும் போச்சுதெண்டா, கள்ளன் லொறி கொண்டெல்லோ வந்திருக்கிறான்" என்றேன்.

நஸ்ரின் முகம் சிவந்து எங்களை மேலே கூட்டிப்போனாள். குளிக்கிற தொட்டிக்குள், திரைக்குப் பின்னால், பதினொரு சோடியும் வரிசையாக இருந்தன.

"என்ன பிள்ளை, எல்லாத்தையும் குளிப்பாட்டப் போறியோ?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவள் அழுதாள்.

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சுகந்தியிடம் சொன்னாள். அவர்களுடைய வீட்டுக் கூட்டத்தில், வந்தவர்களின் செருப்புகளை யாராவது ஒருவர் உள்ளே எடுத்து ஒளிக்க வேண்டும். வாசலில் அதிகம் கிடந்தால் கூட்டம் நடப்பது தெரிந்துவிடும். பிடிபட்ட அன்று அது அவளுடைய முறை. பிந்தி வந்த அவசரத்தில் மறந்துவிட்டாள். அரசாங்க ஆட்கள் வாசலில் நின்று ஒன்பது சோடியையும் எண்ணிவிட்டுத்தான் கதவைத் தட்டினார்களாம்.

இதை அப்படியே கோர்ட்டில் சொன்னேன். கடைசியில், "அண்டைக்கு அவளைப் பார்த்துச் சிரிச்சன். அதுக்கு இண்டைக்கும் வெக்கப்படுறன்" என்றேன். மொழிபெயர்த்த தம்பி தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அதை இங்கிலீஷில் சொன்னார்.

ஆறு கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. சுகந்தி வாசித்துத் தமிழில் சொன்னாள். நடிக்கிற ஆள் மற்றவர்கள் பார்க்கத்தான் நடிப்பாள், இவள் யாரும் பார்க்காத நேரத்தில் செருப்பை ஒளித்திருக்கிறாள், இது சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கம் அல்ல என்று நீதிபதி எழுதியிருந்தார். நஸ்ரின் இங்கே இருக்கலாம்! அன்று நான் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன். ஸ்தோத்திரம்.

இப்போது நான் பிரசங்கத்தில் தூங்குவதில்லை. சரி, குறைவாகத் தூங்குகிறேன். வாசலில் செருப்புக் குவிந்தால் புறுபுறுப்பதையும் விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை நல்ல மழை. நஸ்ரின் எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சப்பாத்தைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். போகும்போது அது நிறையத் தண்ணீர். கவிழ்த்து ஊற்றிவிட்டுச் சிரித்தாள்.

பஹ்ராம் இன்னும் சிறையில்தான். ஒரு கிழவியின் மறதியையே பாவித்த ஆண்டவருக்குச் சிறைக் கதவு பெரிய வேலையில்லை என்று நம்பி ஜெபிக்கிறோம். உங்களுக்கும் ஏதாவது பயம் இருந்தால் அவரிடம் சொல்லிப் பாருங்கள். அழகாகச் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். செருப்பைத் தைரியமாக வாசலில் விடுங்கள். அதை எண்ணுகிற ஆள் நான்தான். எத்தனை பேருக்குத் தேத்தண்ணி போடுவது என்று எனக்குத் தெரிய வேண்டாமா?