ஜெனிற்றா கேட்டு வாங்கிய கழிவு

காலை ஏழு மணிக்குச் செல்வம் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். எங்கள் ஆய்வுகூட உதவியாளரான அவர் விடுமுறை நாளில் அழைப்பவர் அல்லர். "பிள்ளை, ஜெனிற்றா மிஸ் எங்களை விட்டுட்டுப் போட்டா" என்றார். "ஓம் அண்ணை" என்றுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். சில மாதங்களாகவே எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். இதிலும் அவள் முந்திவிட்டாள்.

அவளை அறிந்த நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளியுங்கள். நினைவு மலருக்கு அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். என் பொறாமையை மறைத்துவிட்டு எழுதினால் அந்த நாலும் பொய்யாகிவிடும்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் பண்டத்தரிப்புத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். அவள் குருநகர்க் கடற்றொழிலாளி மகள். எங்களுக்குக் கிடைத்த வேலை, ஹம்ஸ்டர் என்னும் சிறிய எலியின் சூலகத்திலிருந்து வந்த கலங்களை, அதாவது உயிரணுக்களை, வளர்ப்பது. உலகெங்கும் புற்றுநோய் ஊசிமருந்துகள் பலவற்றை இத்தகைய கலங்களைக் கொண்டே உருவாக்குகிறார்கள். என் கலங்களில் அடிக்கடி பூஞ்சணம் பிடிக்கும். அதே வளர்ப்புப் பெட்டியில், பக்கத்துத் தட்டில், அவளுடையவை கொழுத்துக் கிடக்கும். "நீர் வெருட்டுறீர், அதுதான் அதுகள் சாகுதுகள்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாள் ஜெனரேற்றருக்கும் டீசல் இல்லாமல் போனது. முப்பத்தேழு பாகையில் இருக்கவேண்டிய வளர்ப்புப் பெட்டி, எங்கள் ஊர் அறைச் சூடான முப்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. நான் அழுதேவிட்டேன். ஜெனிற்றா நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தாள். "சாகேல்லை. பெருகிறதை விட்டிட்டுதுகள், அவ்வளவுதான். இருந்து பாப்பம்" என்றாள். பார்த்தோம். பெருகுவதை நிறுத்திய கலங்கள் ஒவ்வொன்றும் முன்னரை விடக் கூடுதலாக மருந்துப் புரதத்தைச் சுரந்திருந்தன. குளிர்ந்தால் இப்படி நடக்கும் என்று மற்ற நாட்டார் முன்பே எழுதியிருக்கிறார்கள். உள்ளே எது அதைச் செய்கிறது என்று ஆர்.என்.ஏயைப் பிரித்துப் பார்ப்போம் என்றது நான். அந்த யோசனை என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரித்தெடுக்கும்போது பெரிய ஆர்.என்.ஏ வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை வடிநீரோடு கீழே போய்விடும். அவை எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை என்பதால் நாங்கள் பொருட்படுத்துவதில்லை. கைப் பழக்கத்தில் வடிநீரைத் தொட்டியில் ஊற்றப் போனேன்.

"உதை ஊத்தாதேயும்" என்றாள் ஜெனிற்றா.

"இது கழிவு."

"கழிவெண்டால் எனக்குத் தாரும்."

அந்தச் சிறு குப்பிகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் திகதி எழுதி, பிறீசரில் அடுக்கினாள். பழஞ்சாமான் சேர்க்கிறாள் என்று செல்வம் அண்ணையிடம் நான் பகிடி பண்ணினேன். பல மாதங்கள் கழித்து அந்தக் கழிவில்தான் விடை இருந்தது. புரதம் உண்டாக்காத அந்தச் சின்ன ஆர்.என்.ஏக்களுள் ஒன்று, குளிர்ந்த கலங்களில் மிகுந்திருந்தது. கலத்தைப் பெருகவிடாமல் அடக்கிவைத்தது அதுதான். அதையே வேண்டுமென்று கூட்டினால், குளிரவைக்காமலே கலங்கள் அதிகம் சுரந்தன. வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாம் அவள் பெயருக்கு.

இனிச் சொல்லப்போவதற்காகவே இதை எழுத ஒப்புக்கொண்டேன். தேநீர் அறையில் ஒருவர் என்னிடம், "உம்மடை வேலையை எடுத்துத்தானே அவ பேர் எடுத்தவ?" என்று கேட்டார். கோப்பையைக் கலக்கிக்கொண்டு மெல்லச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது. ஜெனிற்றா திருடினாள் என்று உங்களில் பலர் இன்றும் நம்புகிறீர்கள். அதற்குப் பிறகு அவள் தேநீர் அறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். கரையோரச் சனத்தைப் பற்றிக்கூட யாரோ கீழ்த்தரமாகக் கதைத்தார்கள். நான் அதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியாக அவளைப் பார்க்கப் போனபோது கையில் புற்றுநோய் ஊசிமருந்து ஏறிக்கொண்டிருந்தது. "இவ்வளவு காலம் எலிக் கலங்களை நான் பாத்தன். இப்ப அதுகள் என்னைப் பாக்குதுகள்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எனக்குச் சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. தெரியாத ஆக்களுக்குச் சொல்லும். செத்த வீட்டில சொல்லாதேயும், அழுகைச் சத்தத்தில ஒருத்தருக்கும் கேளாது. எழுதும்."

எழுதுகிறேன். அந்தச் சின்ன ஆர்.என்.ஏ பற்றிய ஆய்வுக் கட்டுரையின் முதற்படியில் ஜெனிற்றா என் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தாள். தன் பெயர் இரண்டாவது. ஊற்றப் போனவளுக்கு முதலிடம் தந்து என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். அவளுடைய பெருந்தன்மையை என்னால் தாங்கமுடியவில்லை. பச்சை மையால் என் பெயரை இரண்டு முறை வெட்டி அவள் மேசையில் எறிந்தேன். மூன்று முறை வந்து கேட்டாள். மூன்று முறையும் மாட்டேன் என்றேன்.

அவள் நினைவாக என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். கடைசிச் சந்திப்பில் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துத் தந்தாள். நினைத்திருந்தால் எந்த நாளும் அதைத் தேநீர் அறைச் சுவரில் ஒட்டி என் வாயை அடைத்திருக்கலாம். இவ்வளவு காலமும் ஒருவருக்கும் காட்டவில்லை. பார்க்க விரும்புவோர் வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன். வெட்டிய கை என்னுடையது. என் இடத்தில் அவள் இருந்திருந்தால் இதை அன்றைக்கே, தேநீர் ஆறுமுன் சொல்லியிருப்பாள். அதை நினைக்க இப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.