இடப்பக்கத்துப் புல்

பவளத்துக்கு வாத்து என்றாலே ஆகாமல் போனது 2006 ஜனவரியில்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஓசூரில் ஏரியை ஒட்டிய ஒரு கம்பெனியில் நாலு வருடமாகப் புல்தரை பார்க்கிறாள். மாதக் கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அன்றைக்குப் புல்தரை சொட்டையாக இருந்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் திம்மராயன் சொல்லிவிட்டார்.

சொட்டைக்குக் காரணம், தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட காட்டு வாத்துகள். விடிந்ததும் ஏரியிலிருந்து வந்து, வாசலுக்கு இடப்பக்கத்தை மட்டும் மொட்டையடித்துவிட்டுப் போயின. வலப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றி அங்கேயே இறங்கின. சீக்கிரம் வளரட்டும் என்று அவள் இடப்பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் யூரியா போட்டாள். நாலே நாளில் இரண்டு மடங்கு வாத்து வந்தது.

கோபம் போய் அவளுக்கு அதிசயமாகிவிட்டது. ஒரு காலை விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்தாள். அதிகம் வெட்டாத வலப்பக்கத்துக்குள் ஒரு வாத்து நுழைந்து, ஒரு புல்லைக் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பவளம் இரண்டு பக்கமும் நுனி கிள்ளி மென்றாள். வலப்பக்கம் வெறும் நார். இடப்பக்கம் இளசு, லேசாக இனித்தது. ஆபீஸ் ஜன்னலுக்குத் தெரிகிற பக்கம் என்று அதையே வெட்டி வெட்டி, உரம் போட்டு, விருந்து வைத்தது தான்தான் என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது.

அன்றே புல்வெட்டும் மிஷினைப் பின்வாசல் வழியாக ஏரிக்கரைக்குத் தள்ளிப்போய், அங்கே நீளமாக ஒரு பட்டை வெட்டி, மிச்ச யூரியாவைத் தூவித் தண்ணீர் விட்டாள். முன்பக்கத்தை வெட்டவே இல்லை. திம்மராயன் காய்ச்சி எடுத்தார்.

"கம்பெனி மிஷின எடுத்துக்கினு போயி வாத்துக்கு வெள்ளாம வெக்கிறியா?"

"பத்து நாள் பொறுங்க சார். அதுகளுக்குப் பச்சையா இருந்தா பத்தாது, புதுசா துளுத்ததுதான் வேணும்."

எட்டாம் நாள் வாத்துக் கூட்டம் மொத்தமும் ஏரிக்கரைக்கு மாறியது. முன்பக்கம் சொட்டை மூடி எழும்பியது. விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் நுனியை மட்டும் வெட்டிச் சமன் செய்தாள்.

வந்தவர்கள் அந்தப் புல்தரையை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேன்டீன் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு, பின்னால் மேய்கிற வாத்துகளைப் படமெடுத்தார்கள். பவளத்துக்கு வருத்தமாகத்தான் இருந்தது. சாயங்காலம் திம்மராயன் தேடி வந்தார். வேறு ஆள் பேச்சையே எடுக்கவில்லை.

"அடுத்த மாசமும் வராங்களாம்மா. பின்னாடி புல்ல மட்டும் விட்டுடாத."