திங்கட்கிழமை மட்டும் வருகிறவள்

ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மனநல ஆலோசகர் தினமும் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம் முதுகலை வகுப்பில் எனக்கு வரவில்லை. காலைப் பிரேயரில் வந்தது. தலைமை ஆசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கவுன்சலிங் மேடம் வந்துட்டாங்க. போன வாரம் அவங்களைப் பார்த்த ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு முன்னாடி வா" என்றார். பெயரையும் சேர்த்தே சொன்னார். மைதானமே திரும்பிப் பார்த்தது. அவள் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முந்தின வாரம்தான் வாய் திறந்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து பள்ளி வேனில் வருகிறவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் மூச்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது என்றாள். "மீதிய அடுத்த வாரம் சொல்றேன் மேடம்." அந்த மீதி இனி வராது. எனக்கு ஒதுக்கியிருந்த ஆய்வகத்து மூலையில் என் எதிரே உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சாயங்காலம் வேனில் ஏறும்போது உள்ளேயிருந்து ஒரு குரல்: "மென்டல் வருது, எடம் உடுங்கடா."

நேரே தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"அப்படிக் கூப்பிடலாமா சார்?"

"ஏன்? பரிசு வாங்குற பசங்களையும் அதே மைக்லதான் கூப்பிடறோம். அவங்க யாரும் அழலையே."

"இது வெளிய தெரியாம நடக்கணும் சார்."

"சின்ன வயசு, ஜாஸ்தி டென்ஷன் ஆவறீங்க. நாளைக்கு வேற ஸ்கூல் போய்டுவீங்க, மறந்துடும்."

எங்கள் தொழில் வளர்கிற லட்சணம் இதுதான். எந்த விழா மேடையிலும் மாணவர் மனநலம் என்று முழங்குகிறார்கள். வாசல் பலகையில் 'நீச்சல் குளம்' என்பதற்குக் கீழே 'கவுன்சலிங் வசதி' என்று எழுதியிருக்கிறது. குளத்தை இன்னும் வெட்டவே இல்லை. எங்கள் நிர்வாகம் நடத்தும் பள்ளிகள் வார நாளுக்கு ஒன்று; இந்தப் பள்ளிக்குத் திங்கள். அத்தனைக்கும் நான் ஒருத்தி. ஆங்கில ஆசிரியர் லீவு போட்டால் அந்த வகுப்புக்கும் நான்தான். திங்களன்று பௌர்ணமி வந்தால் மைதானம் கிரிவல வண்டிகளுக்குப் போய்விடும், பள்ளி லீவு. பிள்ளைகளின் பயத்துக்கு மட்டும் யாரும் லீவு விடுவதில்லை.

அடுத்த திங்கள் அவள் வரவில்லை. அவளுடைய அப்பா வந்தார், டி.சி. கேட்டு. கடலைக் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார், காலெல்லாம் செம்மண். தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அவர் முன்னால் நிறுத்தினார்.

"எம் பொண்ணு பைத்தியமாம்மா?"

"இல்லைங்க. பயம்தான். பேசினா சரியாய்டும்."

"ஊரே பேசுது. சரியாவலையே."

"அவ பேசணும்ங்க. நான் கேக்கணும்."

"தெனம் இருப்பியா?"

"திங்கக்கெழம மட்டும்ங்க."

"அப்ப மத்த நாள்ல அது மூச்சு உடாம இருக்கணுமா?"

தலைமை ஆசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பதாக இல்லை. எனக்கு என்ன வந்ததோ, "நாளைக்கு அனுப்புங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

"நாளைக்கு உங்களுக்கு செங்கம் ரோடு ஸ்கூல் மேடம்."

"தெரியும் சார்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "வேன்ல ஏறமாட்டேங்குது. வேணும்னா வந்து நீயே கூட்டினு போ. இந்த வாரம் பார்க்கறேன். இல்லன்னா படிப்பு போதும்."

செங்கம் ரோடு பள்ளியிலும் நாளை ஒரு பிள்ளை எனக்காகக் காத்திருக்கும். அது என்னைக் குடைகிறது. ஆனால் போகிற இடமெல்லாம் பாதி கேட்டுவிட்டுப் பஸ் ஏறுகிற வேலை எனக்கு அலுத்துவிட்டது. 'இந்த வாரம் முழுக்க இங்கேதான். மற்ற பள்ளிகளுக்கு ஆள் போடுங்கள்' என்று நிர்வாகத்துக்கு எழுதி அனுப்பியாயிற்று. வேலையை விட்டே தூக்கினாலும் தூக்கட்டும். காலையில் முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போய், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து டவுன் பஸ்ஸிலேயே கூட்டிவரப் பார்க்கிறேன். வழியில் நானாக எதையும் கேட்கப்போவதில்லை.