பூட்டிய பெட்டியும் கிரீன் பே ஆட்டமும்

பேச்சு தென்காசி பஸ்ஸில் கிளம்பியது. கடையநல்லூரில் ஹைருன் பீவியின் தம்பி காதில் விழுந்து, அவன் வழியாக அவளிடம் வந்து, ஜும்ஆ தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அவள் கணவர் துல்கர்னைனிடம் சோற்றோடு சோறாக வந்து சேர்ந்தது.

"யாரும் இல்லாத நேரம் பாத்து டிரங்குப் பெட்டியைத் தொறந்து பாக்கியளாம். பாத்துட்டுத்தான் போர்டுல எழுதுதியளாம். பஸ்ல ரெண்டு பேரு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்களாம்."

எடுத்த கவளத்தை துல்கர்னைன் வாயில் வைக்கவில்லை. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார்.

அவர் குற்றாலத்தில் வல்லிநாயகம் பிள்ளையின் லாட்ஜில் மானேஜர். யுத்த காலத்தில் அஸ்ஸாமில் அமெரிக்கப் பட்டாளத்தின் சமையல்கட்டில் இருந்தவர். அங்கே சிப்பாய்கள் ஆடிய அவர்கள் நாட்டுக் கால்பந்தை இரண்டு வருஷம் வேலியோரம் நின்று பார்த்து, அதன் சூட்சுமம் அத்தனையும் பிடித்துக்கொண்டார். பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அவர் வைத்த குழம்பை மறக்காத சிகாகோ சார்ஜண்ட் ஒருவர், ஊர் திரும்பிய பிறகும் திங்கட்கிழமைப் பத்திரிகைகளைக் கட்டி மாதம் ஒருமுறை கப்பல் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கட்டு வந்து சேர ஒரு மாதம் ஆகும்.

கட்டு வந்ததும் பிரித்துப் படித்துவிடுகிற ஆள் இல்லை அவர். எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, வாரத்துக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் எடுப்பார். அதில் போன வார முடிவுகள் இருக்கும். அடுத்த ஞாயிறு யாரோடு யார் என்ற பட்டியலும் இருக்கும். 'இன்று காலி அறைகள்' எழுதும் கரும்பலகையின் அடியில் அந்த ஆட்டங்களைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சாக்கட்டியால் எழுதுவார். ஆட்டம் எப்போதோ முடிந்து, முடிவு பத்தடி தள்ளிப் பெட்டிக்குள் கிடக்கும். அடுத்த வெள்ளி வரை அவருக்கு அது நடக்காத ஆட்டம்தான்.

எதிரே எண்ணெய்க்கடை வைத்திருந்த தங்கசாமிக்கு ஆட்டத்தைப் புரியவைத்ததும் அவர்தான்.

"நாலு தடவைக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும் வே. சீசன் ஞாயித்துக்கெழமை பேரருவிக்குள்ள நொழையிறோம்லா, அதேதான். முன்னால தடியன் நாலு பேரு இடிச்சு வழி பண்ணணும், பின்னால வாரவன் நனையணும்."

"அப்ப இடிச்சவன் நனைய மாட்டானா?"

"அவனுக்குக் குளிப்பே கெடையாது. அதான் அந்த ஆட்டத்துல இருக்கிற அநியாயம்."

இந்தப் பேச்சுக்குக் காரணமான அந்த வாரம் பலகையில் ஆறு ஆட்டம். கிளீவ்லாந்து ஒற்றை ஓட்டக்காரனை நம்பி வண்டி ஓட்டுகிறது, இந்த வாரம் ஓடும், எல்லா வாரமும் ஓடாது. பால்டிமோர் பந்து எறிகிற அழகுக்கே ஜெயிக்கும், ஆனால் மழை பெய்தால் கைவிட்டுவிடும். சிகாகோ பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயிக்கும், அதைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பத்திரிகை அனுப்பும் சார்ஜண்டின் ஊராயிற்றே என்ற தாட்சண்யமெல்லாம் அவரிடம் செல்லாது. இப்படி எழுதிய ஆறும், அடுத்த வெள்ளி பெட்டியைத் திறந்தபோது, அப்படியே பலித்திருந்தன.

"ஆறுக்கு ஆறா?" என்று தங்கசாமி கடையிலிருந்தே கத்தினார். "பாய், பெட்டிக்குப் பின்பக்கம் வாசல் எதுவும் வச்சிருக்கீரா?"

விளையாட்டாகச் சொன்னதுதான். அது ஒரே வாரத்தில் பஸ் ஏறி ஊர் சுற்றிவிட்டது.

குளிக்க வருகிறவர்கள் அருவிக்குப் போகுமுன் சங்கிலி, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் துண்டில் முடிந்து துல்கர்னைன் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. பத்து வருஷமாக எந்த முடிச்சும் அவர் கையில் அவிழ்ந்ததில்லை. பூட்டிய பெட்டியைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறவர் என்று பேர் வந்தபின் யார் கொடுப்பார்கள்? வல்லிநாயகம் பிள்ளையும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"உம்மேல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இந்தப் பேச்சு அடங்காட்டா, சீசனுக்கு அந்த நாற்காலியில வேற ஆளைத்தான் உக்காத்தணும்."

துல்கர்னைன் நேரே எண்ணெய்க்கடைக்குப் போய்ப் பெட்டிச் சாவியை நீட்டினார். "இந்தாரும், நீரே வச்சுக்கிடும்."

"இன்னொரு சாவி இருக்கும்னு சொல்லுவானுவ பாய்." தங்கசாமிக்கு முகம் சுண்டிப்போயிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெட்டிக்குள்ள இல்லாத ஆட்டமாச் சொல்லும். இனிமே நடக்கப்போறது. அப்ப ஒரு பய வாயத் தொறக்க முடியாது" என்றார்.

வருஷத்துப் பட்டியல் துல்கர்னைனின் நோட்டில் ஒட்டியிருந்தது. வரும் ஞாயிறு, டிசம்பர் நாலு: சிகாகோவும் கிரீன் பே அணியும், சிகாகோ மைதானத்தில். அணைக்கட்டு சர்வேக்காக லாட்ஜில் தங்கியிருந்த அமெரிக்க என்ஜினீயர் ஹாரிஸ் இப்போது மதுரையில் இருந்தார். அவரிடம் பெரிய ரேடியோ உண்டு. ஜெயித்தது யார் என்று திங்கள் காலை எட்டு மணிக்கு லாட்ஜ் போனுக்கு டிரங்கால் போட்டுச் சொல்லும்படி துல்கர்னைன் கார்டு எழுதினார். தபாலில் போட்டவர் தங்கசாமி. அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"போனை நீரு தொடப்படாது. தொட்டீருன்னா அதுக்கும் ஒரு கதை கட்டுவானுவ."

"தொடல."

துல்கர்னைன் படித்திருந்ததோ அக்டோபர் ஆரம்பம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு யாருக்குக் கால் ஒடிந்ததோ, யார் யாரைப் புரட்டி எடுத்தார்களோ. மிச்சம் மூன்று பத்திரிகை பெட்டியில் கிடந்தது.

"அதையாவது படிச்சிட்டுச் சொல்லும்வே" என்றார் பிள்ளை.

"வெள்ளிக்கு ஒண்ணு, முதலாளி. மொறைன்னா மொறைதான்."

அந்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதினார்: 'கிரீன் பே ஜெயிக்கும். சிகாகோ கோபத்தில் ஆடுகிறது. கிரீன் பே கணக்காக ஆடுகிறது. டிசம்பர் குளிரில் கோபம் பாதி ஆட்டத்துக்குத்தான் தாங்கும்.' எழுதிய பிறகு ஒரு எழுத்தைக்கூட அழிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் கண்டக்டர், சோப்புக் கடைக்காரர், குளித்த தலையைத் துவட்டாத இரண்டு பேர் என்று லாட்ஜ் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. துல்கர்னைன் சலவைச் சட்டையோடு கைகளைக் கட்டிக்கொண்டு பலகைக்குக் கீழே நின்றார். தங்கசாமி எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார்.

எட்டு அடித்துப் பத்து நிமிஷத்தில் மணி அடித்தது. நீளமான டிரங்கால் மணி.

தங்கசாமியின் கை பாதி தூரம் போய் நின்றது.

"பாய், அவரு இங்கிலீஷ்லயா பேசுவாரு?"

"பின்ன, தமிழ்லயா பேசுவாரு?"

"ஊரு பேரு ரெண்டும் எனக்கு வெளங்கும்."

"ரெண்டு பேரையும்தானே சொல்லுவாரு. யாரு யாரை அடிச்சான்னு எப்படிக் கண்டுபிடிப்பீரு?"

தங்கசாமி பிள்ளையைப் பார்த்தார். "எனக்குக் கையெழுத்து மட்டும்தாம்டே இங்கிலீஷ்ல" என்று பிள்ளை பின்வாங்கினார். கண்டக்டர் சாரலைப் பார்த்தார்.

மணி விடாமல் அடித்தது.

"அப்ப நீரே எடுத்துக் கேட்டுச் சொல்லும் பாய்."

துல்கர்னைன் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. முகத்தில் கொஞ்சமும் பதற்றமில்லை.

"கேட்டுச் சொல்லுதேன். நான் சொன்னா நம்புவீரா வே?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் தங்கசாமியின் முகத்தையே பார்த்தார்கள். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.